டூமின் வாட் கோப்பு: பைட்டுகளைப் படித்து வடிவத்தைக் கண்டறிந்த முறை

டூம் என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டின் ஷேர்வேர் பதிப்பை (இலவசமாகப் பரப்புவதற்காக வெளியிட்ட பதிப்பு), குறிப்பாக அதன் 1.9 பதிப்பை, கணினியில் நிறுவினால் இரண்டு கோப்புகள் முக்கியமானவை. ஒன்று விளையாட்டை இயக்கும் நிரல். மற்றொன்று சரியாக 41,96,020 பைட் அளவுள்ள, வாட் (WAD) என்று அழைக்கப்படும் தரவுக் கோப்பு. சுவரில் தெரியும் கற்கள், அரக்கர்களின் உருவங்கள், துப்பாக்கி வெடிக்கும் ஓசை, பின்னணி இசை, ஒன்பது லெவல்களின் வரைபடங்கள் என விளையாடுபவர் காண்பதும் கேட்பதும் ஏறக்குறைய முழுவதும் அந்த இரண்டாவது கோப்புக்குள்தான் இருக்கின்றன. அதை ஒரு சாதாரண உரை எடிட்டரில் திறந்தால் ஆங்காங்கே சில ஆங்கில எழுத்துகள் தெரியும், மற்றபடி பொருள் புரியாத குறிகளே பக்கம் பக்கமாக ஓடும். இத்தகைய கோப்பின் அமைப்பை, அதை உருவாக்கியவரின் ஆவணம் எதுவும் இல்லாமல், பைட்டுகளை மட்டும் வைத்துக் கண்டறியும் வேலையைத்தான் ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்கிறோம்.

இந்த வேலையைப் பற்றிப் பரவலாக இருக்கும் எண்ணம், அது புத்திசாலித்தனமான ஊகங்களின் வரிசை என்பது. ஊகம் தேவைதான். ஆனால் ஊகிப்பதைவிடச் சரிபார்ப்பதில்தான் நேரமும் உழைப்பும் அதிகம் செலவாகின்றன. அந்தச் சரிபார்ப்புக்கு வேண்டிய சான்றுகளைப் பெரும்பாலும் கோப்பே தனக்குள் வைத்திருக்கிறது என்பதை டூமின் வாட் கோப்பைப் போலத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்கு வேறு தெரியவில்லை. இந்தத் துறைக்குப் புதிதாக வரும் எவரும் முதலில் இந்தக் கோப்பில்தான் கை வைக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணமும் அதுவே.

டெக்சாஸ் மாநிலத்திலிருந்து இயங்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1993 டிசம்பர் 10 அன்று டூமை வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 1992 மே மாதம், அதே நிறுவனம் வெளியிட்ட வுல்ஃபென்ஸ்டைன் 3டி விளையாட்டின் தரவுக் கோப்புகளை ரசிகர்கள் தாங்களாகவே உடைத்துப் பார்த்து, எதிரிகளின் உருவங்களையும் லெவல்களையும் மாற்றத் தொடங்கியிருந்தார்கள். அப்படி மாற்றும்போது மூலக் கோப்பின் மீதே எழுத வேண்டியிருந்ததால் பழையது அழிந்துபோகும். டூமின் நிரலை எழுதிய ஜான் கார்மாக் இதைக் கவனித்து, விளையாட்டின் இயந்திரத்தையும் தரவையும் தனித்தனியே பிரித்ததோடு, மூலத் தரவுக் கோப்பைத் தொடாமலே வேறொரு சிறு கோப்பை அதன்மேல் ஏற்றிவைக்கும் வசதியையும் நிரலுக்குள் வைத்தார். மூலக் கோப்பு ஐவாட் என்றும், மேலே ஏற்றும் கோப்பு பிவாட் என்றும் அழைக்கப்பட்டன. கதவைத் திறந்து வைத்தார்கள். ஆனால் வீட்டின் வரைபடத்தைக் கையில் கொடுக்கவில்லை. விளையாட்டு வெளிவந்து இரண்டு மாதம்கூட ஆகாத 1994 ஜனவரி இறுதியில், நியூசிலாந்தின் பிரெண்டன் வைபரும் பெல்ஜியத்தின் ரஃபாயெல் கினேயும் உருவாக்கிய டிஇயூ என்ற எடிட்டரின் முதல் பதிப்பு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மேத்யூ ஃபெல் தொகுத்த, ரசிகர்களின் கூட்டுக் கண்டுபிடிப்புகளைத் திரட்டிய முழு விளக்க ஆவணமும் கைக்குக் கை பரவிவிட்டது.

கோப்பின் தொடக்கத்திலிருந்தே பார்ப்போம். இத்தகைய வேலைக்கு அடிப்படைக் கருவி ஹெக்ஸ் எடிட்டர். அது ஒவ்வொரு பைட்டையும், அதாவது 0 முதல் 255 வரையுள்ள ஒரு மதிப்பையும், பதினாறடிமான எண்ணாகக் காட்டும். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று இங்கே நாம் பழகிய பத்தடிமானத்திலேயே எழுதுகிறேன். முதல் 12 பைட்டுகள் இவை: 73, 87, 65, 68, 240, 4, 0, 0, 180, 183, 63, 0. முதல் நான்கையும் ஆஸ்கி (எண்ணுக்கு ஓர் எழுத்து என்ற குறியீட்டு முறை) எழுத்துகளாகப் படித்தால் ஐ, டபிள்யூ, ஏ, டி, அதாவது ஐவாட் என்று வருகிறது. தன் வகையைச் சொல்லும் அடையாளக் குறி ஒன்றைக் கோப்பின் தலையில் வைப்பது பழைய வழக்கம் என்பதால் அதில் வியப்பில்லை. எஞ்சிய எட்டு பைட்டுகளும் நான்கு நான்காகப் பிரிந்து இரண்டு எண்களாக நிற்பதுபோல் தோன்றுகின்றன. டூம் ஓடியது இன்டெல் செயலிகளில். அவை எண்ணின் சிறிய இலக்கப் பகுதியை முதலிலும் பெரிய பகுதியைப் பின்னாலும் வைப்பவை. அந்த முறையில் 240, 4, 0, 0 என்பது 4 முறை 256, அதனுடன் 240 சேர்ந்து 1,264. அடுத்த நான்கையும் அப்படியே கணக்கிட்டால் 41,75,796 வருகிறது.

இதுவரை செய்தது ஊகம் மட்டுமே. 1,264 எதையோ எண்ணுகிறது போலும், 41,75,796 கோப்பின் அளவைவிடச் சற்றே குறைவாக இருப்பதால் அது கோப்புக்குள் ஓர் இடத்தைச் சுட்டுகிறது போலும் என்று சொல்லலாம். அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால் அங்கிருந்து கோப்பின் முடிவு வரை ஒழுங்கான இடைவெளியில், 16 பைட்டுக்கு ஒருமுறை, ஓர் ஆங்கிலப் பெயர் வருகிறது. 1,264 பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் 16 பைட் என்றால் 20,224. அதை 41,75,796 உடன் கூட்டினால் 41,96,020. கோப்பின் மொத்த அளவு அதுவேதான், ஒரு பைட்கூட மிச்சமும் இல்லை, குறையும் இல்லை. எண்களின் வரிசை, பைட்டுகளின் வரிசை, பெயர்ப்பட்டியலின் இடம், ஒவ்வொரு பதிவின் நீளம் ஆகிய நான்கு ஊகங்களையும் இந்த ஒரே கூட்டல் சேர்த்து உறுதி செய்துவிடுகிறது. நான் முதன்முறை இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தபோது அடைந்த மகிழ்ச்சி இன்றும் நினைவிருக்கிறது.

பெயர்ப்பட்டியலின் முதல் பதிவு 12, 0, 0, 0, 0, 42, 0, 0 என்று தொடங்கி, எட்டு பைட்டில் பிளேபால் என்ற ஆங்கிலப் பெயருடன் முடிகிறது. ஏழு எழுத்துள்ள அந்தப் பெயருக்குப் பின் எட்டாவது இடத்தை ஒரு பூச்சியம் நிரப்புகிறது. முதல் எண் 12, இரண்டாவது 10,752. கோப்பின் தலைப்பகுதி 12 பைட் என்பதால், 12 என்பது தரவு தொடங்கும் இடமாக இருக்க வேண்டும்; 10,752 அதன் நீளமாக இருக்க வேண்டும். இரண்டாவது பதிவான கலர்மேப்பின் தொடக்க இடம் 10,764 என்று இருக்கிறது, அதாவது 12 உடன் 10,752 சேர்ந்த தொகை. ஊகம் மறுபடியும் உறுதியாகிறது. இப்படித் தனிப் பெயரும் இடமும் கொண்ட ஒவ்வொரு தரவுத் துண்டையும் டூம் வட்டாரத்தில் லம்ப் என்று அழைப்பார்கள்.

பெயரிலிருந்தே பிளேபால் நிறத் தொகுப்பு என்று தெரிகிறது. அக்கால விஜிஏ திரையில் ஒரே நேரத்தில் 256 நிறங்கள்தான் வரும். ஒவ்வொரு நிறத்துக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட் என்றால் 768. இது 10,752 ஐ மீதியின்றி 14 முறை வகுக்கிறது. ஒரு தொகுப்பு போதுமான இடத்தில் 14 தொகுப்புகள் எதற்கு என்ற கேள்விக்கு விளையாட்டே விடை தருகிறது: அடிபடும்போது திரை முழுவதும் சிவக்கும், பொருள்களை எடுக்கும்போது மஞ்சள் மினுங்கும், கதிர்வீச்சுக் கவசம் அணிந்தால் பச்சை படரும். முதல் தொகுப்பு இயல்பான நிறங்கள். அடுத்த எட்டு சிவப்பின் படிநிலைகள். பின் நான்கு மஞ்சள். கடைசி ஒன்று பச்சை. திரையிலுள்ள புள்ளிகள் எதையும் மாற்றாமல் நிறப் பட்டியலை மட்டும் மாற்றிவிட்டால் திரை முழுவதும் சிவந்துவிடும் என்ற சிக்கனமான உத்தி, கோப்பின் வடிவத்தைப் பார்த்த அளவிலேயே புலப்பட்டுவிடுகிறது.

வரைபடங்களுக்கு வந்தால் வேலை கடினமாகிறது. முதல் லெவலின் பெயருக்குப் பின் பத்து லம்ப்கள் வரிசையாக வருகின்றன. திங்ஸ் 1,380 பைட், லைன்டெஃப்ஸ் 6,650, சைட்டெஃப்ஸ் 19,440, வெர்டெக்சஸ் 1,868 என்று பெயர்களும் நீளங்களும் கிடைக்கின்றன; உள்ளே வெறும் எண்கள். இவை ஒரே நீளமுள்ள பதிவுகளின் அடுக்கு என்று கொண்டால், ஒரு பதிவின் நீளம் என்ன? 6,650 ஐ 10 வகுக்கும், 14 வகுக்கும், 19 வகுக்கும், 25 வகுக்கும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்த நம்பிக்கை இங்கே ஆளைக் கவிழ்த்துவிடும். ஒன்பது லெவல்களின் லைன்டெஃப்ஸ் நீளங்களையும் எடுத்து அவற்றின் மீப்பெரு பொது வகுத்தியைக் காண வேண்டும். பள்ளியில் படித்த கணக்குதான், ஆனால் இந்தத் துறையில் இதைப்போல் பயன்படும் கருவி குறைவு. விடை 14 என்று வரும்போது மற்ற ஊகங்கள் தாமாக உதிர்ந்துவிடுகின்றன. இதே வழியில் திங்ஸ் பதிவு 10 பைட், வெர்டெக்சஸ் 4 பைட், சைட்டெஃப்ஸ் 30 பைட் என்று தெரியவருகிறது. அப்படியானால் முதல் லெவலில் 138 பொருள்கள், 475 கோடுகள், 648 பக்கங்கள், 467 புள்ளிகள்.

திங்ஸ் லம்பின் முதல் பதிவை அருகே வைத்துப் பார்ப்போம்: 32, 4, 224, 241, 90, 0, 1, 0, 7, 0. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 1,056, 61,920, 90, 1, 7. அடுத்த பதிவு 240, 3, 240, 241, 90, 0, 2, 0, 7, 0. அதாவது 1,008, 61,936, 90, 2, 7. இரண்டு பதிவுகளிலும் முதலிரு எண்கள் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கின்றன; 90 மாறவில்லை; 1 என்பது 2 ஆகிறது. தொடர்ந்து பார்த்தால் 3 உம் 4 உம் வருகின்றன. டூமை ஒரே நேரத்தில் நான்கு பேர் விளையாடலாம் என்பது தெரிந்தவருக்கு இதில் மர்மம் இல்லை: நான்கு ஆட்டக்காரர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தொடங்கும் இடங்கள் இவை. 90 என்பது அவர்கள் நோக்கும் திசை. கோப்பு முழுவதிலும் அந்த இடத்தில் வரும் எண்கள் 45 இன் மடங்குகளாகவே இருப்பதால் அவை பாகைகள் என்பது உறுதி. ஆனால் 61,920 என்ற எண் உறுத்துகிறது. கிழக்கு மேற்கில் 1,056 ஆக இருக்கும் இடம் வடக்கு தெற்கில் அறுபதாயிரத்தைத் தாண்டுமா? இங்கேதான் எதிர்மறை எண்கள் நினைவுக்கு வர வேண்டும். 16 பிட்டில், அதாவது இரண்டு பைட்டில், குறையெண்ணை எழுதும் வழக்கமான முறைப்படி, 32,767 ஐத் தாண்டிய எண்ணிலிருந்து 65,536 ஐக் கழிக்க வேண்டும். 61,920 லிருந்து கழித்தால் மைனஸ் 3,616. வெர்டெக்சஸ் லம்பின் 467 புள்ளிகளையும் இதே முறையில் படித்து ஒரு தாளில் குறித்தால், சிதறிக் கிடந்தவை ஒன்றுகூடி, விளையாட்டில் டேப் விசையை அழுத்தினால் தெரியும் அதே வரைபடத்தின் மூலைகளாகவும் சுவர்க் கோடுகளின் மேலும் அமர்கின்றன.

கடைசி எண்ணான 7 வேறு வகையானது. அதை எண்ணாகப் படிக்காமல் பிட்டுகளாக, அதாவது தனித்தனி ஆம், இல்லை குறிகளாக, படிக்க வேண்டும்: 1, 2, 4 ஆகிய மூன்று பிட்டுகளும் போடப்பட்டிருக்கின்றன. எளிய நிலை, நடுத்தர நிலை, கடின நிலை மூன்றிலும் இந்தப் பொருள் இருக்கும் என்பது அதன் பொருள். கடின நிலையில் மட்டும் தோன்றும் அரக்கனுக்கு இந்த இடத்தில் 4 இருக்கும். பலர் சேர்ந்து ஆடும்போது மட்டும் வர வேண்டியதற்கு 16 கூடும். ஒரு லெவலை மூன்று நிலைகளிலும் விளையாடி எந்த மூலையில் யார் நிற்கிறார்கள் என்று குறித்துக்கொண்டவர்கள்தான் இதைக் கண்டுபிடித்திருக்க முடியும். கோப்பை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தெரிந்துவிடாத செய்தி இது.

ஊகத்தை உறுதிசெய்யச் சிறந்த வழி மாற்றி எழுதிப் பார்ப்பது. திங்ஸ் பதிவின் நான்காவது எண் பொருளின் வகை. துப்பாக்கி ஏந்திய ஸோம்பியின் வகை எண் 3,004; நெருப்புப் பந்தெறியும் இம்பின் எண் 3,001. பைட்டுகளாக முதலாவது 188, 11. இரண்டாவது 185, 11. ஆகவே கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, சரியான இடத்தில் 188 ஐ 185 ஆக மாற்றிச் சேமித்தால், நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பைட்டுகளில் ஒரே ஒரு பைட்தான் மாறியிருக்கும். விளையாட்டைத் திறந்து அந்த இடத்துக்கு நடந்து போனால் ஸோம்பி நின்ற இடத்தில் பழுப்பு நிற இம்ப் நிற்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பைட்டைத்தான் மாற்ற வேண்டும் என்ற கட்டுப்பாட்டை இந்த வேலையில் யாரும் தளர்த்தக் கூடாது. இரண்டை மாற்றினால் விளைவுக்கு எது காரணம் என்ற கேள்வி மிஞ்சிவிடும்.

எண்கள் ஒன்றையொன்று சுட்டும் இடங்கள் இன்னும் சுவையானவை. லைன்டெஃப் பதிவின் ஏழு எண்களில் முதலிரண்டும் எந்தக் கோட்டிலும் 467 ஐ எட்டுவதில்லை. புள்ளிகளின் எண்ணிக்கை 467. ஆகவே அவை கோட்டின் இரு முனைகளையும் சுட்டும் வரிசை எண்கள். கடைசி இரண்டு எண்கள் 648 ஐ எட்டுவதில்லை, சில இடங்களில் மட்டும் 65,535 வருகிறது. 648 என்பது பக்கங்களின் எண்ணிக்கை. ஒரு கோட்டுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் உண்டு. பின்னால் எதுவுமே இல்லாத திண்ணிய சுவருக்கு ஒரு பக்கம்தான் இருக்கும், மற்றொன்றின் இடத்தில் இல்லை என்பதற்கான குறியாக 65,535. மைய எண்களில் ஒன்று கோட்டின் இயல்பைச் சொல்லும் பிட் குறிகள், ஒன்று கதவு, லிஃப்ட் போன்ற செயலின் எண், ஒன்று அந்தச் செயல் எந்த அறையைப் பாதிக்க வேண்டும் என்ற இணைப்பு எண். அதேபோல் சைட்டெஃப் பதிவின் கடைசி எண் 85 ஐ எட்டுவதில்லை. செக்டார்ஸ் லம்ப் 2,210 பைட். பதிவுக்கு 26 பைட் என்றால் 85 செக்டார்கள். கோட்டிலிருந்து பக்கம், பக்கத்திலிருந்து தரையின் உயரமும் கூரையின் உயரமும் வெளிச்சத்தின் அளவும் கொண்ட அறைப் பகுதி என்று சங்கிலி முழுமையாகிறது. ஒரு எண் எந்த அளவுக்குள் அடங்கி நிற்கிறது என்பதே அது எதைச் சுட்டுகிறது என்பதற்கான சாட்சி.

செக்டார் எண்ணிக்கை தெரிந்தவுடன் இன்னொரு புதிரும் அவிழ்கிறது. ரிஜெக்ட் என்ற லம்ப் 904 பைட் நீளமுள்ளது, உள்ளே பதிவு அமைப்பு எதுவும் புலப்படுவதில்லை. 85 ஐ 85 ஆல் பெருக்கினால் 7,225. அத்தனை பிட்டுகளை வைக்க 8 ஆல் வகுத்து மேல்நோக்கி முழுமைப்படுத்தினால் 904. ஒவ்வொரு செக்டாரிலிருந்தும் மற்ற ஒவ்வொரு செக்டாரையும் பார்க்க வாய்ப்பே இல்லையா என்பதை ஒரு பிட்டில் சொல்லும் சதுர அட்டவணை அது. அரக்கன் உங்களைப் பார்க்கிறானா என்ற கணக்கை ஒவ்வொரு முறையும் முழுதாகப் போடாமல், பார்க்கவே முடியாத இடங்களை முன்கூட்டியே ஒதுக்கிவிடுவதற்கான ஏற்பாடு.

படங்களின் வடிவம் கண்ணால் சரிபார்க்கக் கூடியது என்பதால் தனி இன்பம் தருவது. தரையையும் கூரையையும் மூடும் படங்கள் ஒவ்வொன்றும் 4,096 பைட். தலைப்பகுதி இல்லை, அகலம் உயரம் எதுவும் எழுதப்படவில்லை. 64 அகலம், 64 உயரம் என்று கொண்டால் ஓடுகளும் கற்களும் நேராகத் தெரிகின்றன. வேண்டுமென்றே அகலத்தை 63 என்று மாற்றிப் பார்த்தேன்: ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து ஒரு புள்ளி நழுவி, ஓட்டின் செங்குத்துக் கோடுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டன. அகலம் தெரியாத எந்தப் படத்துக்கும் இந்தச் சாய்வே அளவுகோல். சாய்வு நிமிரும் வரை அகலத்தை ஒவ்வொன்றாகக் கூட்டியோ குறைத்தோ கொண்டுபோனால் போதும்.

சுவர்களும் உருவங்களும் வேறு விதம். அகலம், உயரம், இரண்டு நகர்வு எண்கள் என எட்டு பைட் முதலில் வருகிறது. பிறகு அகலத்தில் எத்தனை புள்ளிகளோ அத்தனை நான்கு பைட் எண்கள். ஒரு படத்தின் அகலம் 41 என்றால் அந்த எண்களில் முதலாவது 172 ஆக இருக்கும், அதாவது 8 உடன் 41 முறை 4 சேர்ந்தது. ஆகவே அவை ஒவ்வொரு நெட்டுவரிசையும் எங்கே தொடங்குகிறது என்று சொல்பவை. படத்தை இடமிருந்து வலமாக வரிவரியாக வைக்காமல், மேலிருந்து கீழாக நெட்டுவரிசைகளாக வெட்டி வைத்திருக்கிறார்கள். டூம் திரையில் சுவரை வரைவதும் நெட்டுவரிசையாகத்தான்; நினைவகத்தில் அடுத்தடுத்து இருப்பதை அடுத்தடுத்து எடுத்து வரைந்தால் அக்கால 386, 486 செயலிகளுக்கு வேகம் கிடைக்கும். ஒவ்வொரு நெட்டுவரிசைக்குள்ளும் எங்கே தொடங்குவது, எத்தனை புள்ளி என்று குறித்துவிட்டு நிறங்களை எழுதி, இடையில் உள்ள வெற்றிடங்களைத் தாண்டி, 255 வந்தால் வரிசை முடிந்தது என்று பொருள். அரக்கனின் காலுக்கிடையே பின்னாலுள்ள சுவர் தெரிவது இதனால்தான். நிறங்களுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பைட் கூடுதலாக இருக்கிறது. அவற்றில் என்ன எழுதினாலும் திரையில் வித்தியாசம் வருவதில்லை. பயன் இல்லாத பைட்டுகளும் வடிவத்தின் பகுதியே. அவற்றுக்கு இடம் விடாமல் எழுதப்பட்ட படம் தாறுமாறாக வரும்.

எல்லாவற்றிலும் கடினமானது நோட்ஸ் லம்ப். முதல் லெவலில் 6,608 பைட், பதிவுக்கு 28 பைட், 236 பதிவுகள். அருகிலுள்ள எஸ்செக்டார்ஸ் லம்பில் 237 பதிவுகள். ஒன்பது லெவல்களிலும் முதலாவது இரண்டாவதைவிடச் சரியாக ஒன்று குறைவு. இருகிளை மரங்களைப் படித்தவருக்கு இந்த ஒன்று என்ற வித்தியாசம் உடனே விளங்கும்: ஒவ்வொரு கணுவும் இரண்டாகக் கிளைக்கும் மரத்தில், மேலும் கிளைக்காத முனைகளான இலைகளைவிடக் கணுக்கள் எப்போதும் ஒன்று குறைவாகவே இருக்கும். ஒவ்வொரு நோட் பதிவிலும் ஒரு வெட்டுக் கோட்டின் தொடக்கப் புள்ளியும் திசையும், அதன் இரு பக்கங்களையும் சூழும் செவ்வகங்களும், இரு கிளைகளின் எண்களும் உள்ளன. கிளை எண்ணில் 32,768 கூடியிருந்தால் அது இலை. ஒரு தளத்தைக் கோடுகளால் மீண்டும் மீண்டும் வெட்டி, எது முன்னால் எது பின்னால் என்பதை முன்கூட்டியே கணித்து வைக்கும் இந்த உத்தியை 1980 இல் ஃபுக்ஸ், கெடம், நெய்லர் ஆகிய மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கியிருந்தார்கள். கார்மாக் அதை ஒரு வீட்டுக் கணினி விளையாட்டுக்குள் கொண்டுவந்தார்.

இதன் விளைவு வடிவத்தைக் கண்டறிந்தவர்களுக்குப் பெரும் தடையாக இருந்தது. பொருள்களை இடம் மாற்றலாம், கதவின் எண்ணை மாற்றலாம். ஆனால் ஒரு சுவரை நகர்த்தினாலோ புதிய அறை சேர்த்தாலோ மரம் முழுவதும் பொய்யாகிவிடும்; சுவர்கள் மறையும், திரையில் முந்தைய காட்சியின் எச்சங்கள் அப்படியே தங்கி நிற்கும். வடிவத்தைப் படிப்பதோடு வேலை முடியவில்லை. அதை உருவாக்கும் கணக்கையும் மறுபடி எழுத வேண்டியிருந்தது. வெர்டெக்சஸ் லம்பிலேயே அதற்கு ஒரு தடயம் இருந்தது. அதிலுள்ள பல புள்ளிகள் எந்தக் கோட்டுக்கும் முனையாக வருவதில்லை. அவை வரைந்தவர் வைத்த புள்ளிகளாக இருக்க முடியாது. ஒரு சுவரை வெட்டுக் கோடு குறுக்கே தாண்டும் இடத்தில் ஏதோ ஒரு நிரல் தானாகச் சேர்த்த புள்ளிகள். 1994 இல் கொலின் ரீட் எழுதிய பிஎஸ்பி போன்ற கருவிகள் இந்த மரத்தைக் கட்டத் தொடங்கிய பின்புதான் முற்றிலும் புதிய லெவல்கள் பெருகின. 1996 இல் வெளியான ஃபைனல் டூம் தொகுப்பின் ஒரு பாதியே ரசிகர்களின் குழு ஒன்று உருவாக்கி ஐடி சாஃப்ட்வேர் விலைக்கு வாங்கியதுதான்.

டூமின் கோப்பு சுருக்கப்படவும் இல்லை, மறைகுறியாக்கப்படவும் இல்லை என்பதால் இந்த வழி இவ்வளவு நேராக அமைந்தது. பிற்கால விளையாட்டுகள் பலவற்றில் முதல் வேலையே கோப்பு எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்று கண்டறிவது. பைட்டுகள் 0 முதல் 255 வரை ஏறக்குறையச் சமமாகப் பரவியிருந்தால் அது சுருக்கப்பட்டதன் அல்லது பூட்டப்பட்டதன் அடையாளம். பூச்சியங்கள் மிகுந்து, ஒரே இடைவெளியில் ஒரே வடிவம் திரும்ப வந்தால் வெறும் பதிவுகள். சுருக்கம் நீங்கிய பின் மேலே சொன்ன கணக்குகள் அனைத்தும் அப்படியே பொருந்தும். இன்று இம்ஹெக்ஸ் போன்ற எடிட்டர்களில் பதிவின் அமைப்பை எழுதிவைத்தால் பைட்டுகளுக்கு நிறம் தீட்டிக் காட்டிவிடும். கைட்டாய் ஸ்ட்ரக்ட் என்ற மொழியில் எழுதிவைத்தால் அதிலிருந்தே வாசிக்கும் நிரலும் உருவாகிவிடும். ஆனால் 10 பைட் என்பதா 14 பைட் என்பதா என்ற முடிவைக் கருவி எடுப்பதில்லை.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கோப்பின் அமைப்பை அறிந்து அதோடு இணைந்து செயல்படும் நிரலை எழுதுவதும், அந்தக் கோப்புக்குள் இருக்கும் படங்களையும் இசையையும் நகலெடுத்து விநியோகிப்பதும் வேறு வேறு செயல்கள். இரண்டாவது பதிப்புரிமை மீறல். முதலாவதைப் பொறுத்து, அமெரிக்காவில் விளையாட்டு நிறுவனங்களான சேகாவுக்கும் அக்கோலேடுக்கும் இடையிலான வழக்கில் 1992 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, செயல்முறையை அறிய வேறு வழி இல்லாதபோது நிரலைப் பிரித்துப் படிப்பது நியாயமான பயன்பாடு என்று ஏற்றது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவிலும், தனியாக எழுதப்பட்ட நிரல் மற்றொன்றோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறுவதற்கு, அது வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, 1999 ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்திருக்கிறது. உரிம ஒப்பந்தங்களில் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கலாம் என்பதால் அவற்றைப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. டூமின் ஷேர்வேர் கோப்பு இலவசமாகப் பரப்புவதற்காகவே வெளியிடப்பட்டது. ஃப்ரீடூம் என்ற திட்டமோ இதே வாட் வடிவத்தில் முற்றிலும் புதிதாக உருவாக்கிய படங்களையும் ஒலிகளையும் லெவல்களையும் கட்டற்ற உரிமத்தில் தருகிறது. கற்பவருக்கு இந்த இரண்டுமே போதும்.

1997 டிசம்பர் 23 அன்று ஐடி சாஃப்ட்வேர் டூமின் மூல நிரலையே பொதுவில் வெளியிட்டது. நான்காண்டுகளுக்கு முன் எண்களை மட்டும் வைத்துக் கண்டறிந்தவற்றை இப்போது அசலோடு ஒப்பிட முடிந்தது. பத்து பைட் திங்ஸ், 14 பைட் லைன்டெஃப், 30 பைட் சைட்டெஃப், 28 பைட் நோட், இலையைக் குறிக்கும் 32,768 என எல்லாம் அதிலும் அப்படியே இருந்தன. ஆனால் வெளியானதில் ஒரு பகுதி இல்லை. ஒலிக்கும் இசைக்கும் ஐடி சாஃப்ட்வேர் பயன்படுத்தியது வெளியாரிடம் உரிமம் பெற்ற டிஎம்எக்ஸ் என்ற நூலகம். அதன் நிரலை வெளியிடும் உரிமை அவர்களிடம் இல்லை. எனவே இசை லம்ப்களின் மஸ் வடிவத்துக்கு, ரசிகர்கள் பைட்டுகளிலிருந்து கண்டறிந்ததே தொடர்ந்து ஆதாரமாக இருந்தது. எம், யூ, எஸ் என்ற மூன்று எழுத்துகளும் 26 என்ற பைட்டும் தலையில். டாஸ் கணினியில் 26 என்பது உரை முடிந்தது என்பதற்கான குறி. பிறகு இசை நிகழ்வுகள். ஒவ்வொரு நிகழ்வின் முதல் பைட்டிலும் கீழ் நான்கு பிட்டுகள் எந்த வாத்தியத் தடம் என்று சொல்கின்றன, அடுத்த மூன்று பிட்டுகள் சுரத்தைத் தொடங்குவதா நிறுத்துவதா வளைப்பதா என்று சொல்கின்றன, மேலுள்ள ஒற்றைப் பிட் அடுத்த நிகழ்வுக்குமுன் காத்திருக்க வேண்டுமா என்று சொல்கிறது. காத்திருக்கும் நேரத்தின் அலகு நொடியில் 140 இல் ஒரு பங்கு. 15 ஆவது தடம் எப்போதும் தாளத்துக்கு. மூல நிரலைக் கொண்டு பிறகு எழுதப்பட்ட டூம் நிரல்கள் அதன் இசையை ஒலிக்க வைத்தது இந்தக் குறிப்புகளைக் கொண்டுதான்.